சுமைதாங்கிக் கல்லும் விஷ சுரமும்

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயிலுக்குச் செல்லும் சாலையின் இடைவழியில் இருக்கிறது குமராட்சி. தெற்கே கொள்ளிடம், மேற்கே வீராணம் ஏரி, சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய மட்டும் நெல் வயல். ஆற்று வண்டல் படிந்த பூமியாதலால், ஒரு கருங்கல் வேண்டுமென்றாலும் வெளியூரிலிருந்து வண்டியில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில், நான் சிறுவனாக இருந்தபோது, ஒரு வாய்க்கால் மதகின் ஓரமாக மூன்று கற்கள் நின்றன. இரண்டு செங்குத்தாக நட்டவை. மூன்றாவது அவற்றின்மேல் குறுக்காகக் கிடத்தியது. தலைச்சுமையோடு நடந்து வருகிறவர்கள், பிறர் கை கொடுக்காமலே சுமையை அதன்மேல் இறக்கி வைத்துவிட்டுச் சற்று இளைப்பாறலாம். அதற்குச் சுமைதாங்கி என்று பெயர்.

அந்தக் கல் எதற்காக நடப்படுகிறது என்பது இன்றைய மாணவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடுவது தமிழ்நாட்டு வழக்கம். இறக்கி வைக்க இயலாத சுமையோடு போனவளுக்காக, வழிப்போக்கர்கள் தங்கள் சுமையை இறக்கி வைக்க ஓர் இடம் செய்து கொடுப்பார்கள். எங்கள் மதகடியில் நின்ற கல், நிலபுலம் உள்ள ஒரு வீட்டின் மருமகளுக்காக நட்டது. விஷ சுரம் வந்த வருஷத்தில், ஐப்பசி மாதத்தில், தலைப்பிரசவத்துக்கு நாள் நெருங்கியிருந்த நிலையில் அவள் இறந்தாள் என்று என் பாட்டியார் சொல்லுவார். பாட்டியாருக்கு அப்போது பதினெட்டு வயது. வாழ்க்கைப்பட்டு எங்கள் ஊருக்கு வந்த புதிது.

பாட்டியார் இன்னொன்றும் சொன்னார். ஆனால் அதை அவராகச் சொல்லவில்லை. நான் கல்லூரியில் வரலாறு படிக்கத் தொடங்கிய பிறகு, துருவிக் கேட்டதனால் சொன்னார். அதே ஐப்பசியில் சேரியிலும் நிறைமாதக்காரி ஒருத்தி இறந்தாள். எங்கள் வயலில் நடவு நட்டவள். அவள் கணவன் தெருக்கோடியில் நின்று குரல் கொடுத்தான். பாட்டியார் ஒரு செம்பு கஞ்சியை எடுத்துக்கொண்டு போய், அவன் தரையில் வைத்த மண் கலயத்தில் எட்ட நின்று ஊற்றிவிட்டு வந்தார். "மருத்துவச்சியை அனுப்பவில்லையா?" என்று கேட்டேன். "அவள் அங்கே போகிறதில்லையே, அப்பா" என்றார். வெயில் அடிக்கிறது, மழை பெய்கிறது என்று சொல்லுகிற அதே குரலில் சொன்னார். இரண்டு நாளில் தாயும் வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டார்கள். அவளுக்குக் கல் நடவில்லை.

இந்த இரண்டு சாவுகளையும் பற்றித்தான் பேசப்போகிறேன். இரண்டும் ஒரே நோயால், ஒரே மாதத்தில், ஒரே ஊரில் நிகழ்ந்தவை. ஆனாலும் அவை ஒரே வகையான சாவுகள் ஆகுமா?

விஷ சுரம் என்று எங்கள் பக்கத்தில் அழைக்கப்பட்டது, 1918ஆம் ஆண்டின் இன்ஃபுளுயன்சா ஆகும். முதல் உலகப்போரின் இறுதிக் காலத்தில் கிளம்பி உலகெங்கும் பரவிய கொள்ளை நோய் அது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பம்பாய்த் துறைமுகத்தில் அதன் முதல் அலை வந்து இறங்கியது. அது அவ்வளவு கடுமையானதன்று. செப்டம்பரில் எழுந்த இரண்டாவது அலைதான் கொடியது. ரயில் பாதைகள் சென்ற இடமெல்லாம் நோயும் சென்றது. போர்முனையிலிருந்து திரும்பிய சிப்பாய்களும், தபால்காரர்களும், சந்தைக்குச் சென்று வந்தவர்களும் அறியாமலே அதைச் சுமந்து சென்றனர். இந்தியாவில் மட்டும் ஒரு கோடியே இருபது லட்சம் முதல் இரண்டு கோடி வரையிலான மக்கள் மாண்டனர் என்று ஆராய்ச்சியாளர் மதிப்பிடுகின்றனர். வேறெந்த நாட்டிலும் இத்தனை பேர் இறக்கவில்லை. 1911ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கில் 25 கோடியே 21 லட்சமாக இருந்த எண்ணிக்கை, 1921இல் 25 கோடியே 13 லட்சமாகக் குறைந்தது. நம் நாட்டு ஜனத்தொகைக் கணக்கின் வரலாற்றில், பத்தாண்டு இடைவெளிக்குப் பிறகு எண்ணிக்கை குறைந்தே காணப்பட்டது அந்த ஒரு முறைதான்.

பம்பாய், மத்திய மாகாணம் முதலிய பகுதிகளை நோக்கச் சென்னை மாகாணத்தில் சேதம் குறைவு. குறைவு என்றால் அவற்றோடு ஒப்பிடுகையில் குறைவு, அவ்வளவே. அவ்வாண்டு பருவமழை பொய்த்திருந்தது. அரிசி விலை ஏறியதனால் செப்டம்பர் மாதத்தில் சென்னையிலேயே கலகம் மூண்டு கடைகள் சூறையாடப்பட்டன. சர்க்கார் வைத்தியர்களில் பலர் போர்ச் சேவைக்குச் சென்றிருந்தனர். பசியும் நோயும் வைத்தியப் பஞ்சமும் ஒரே வேளையில் வந்து சேர்ந்தன.

இந்த நோய்க்கு ஒரு விசித்திரமான இயல்பு இருந்தது. பெரும்பாலான காய்ச்சல்கள் குழந்தைகளையும் முதியவர்களையும் கொண்டுபோகும். இதுவோ இருபது வயதுக்கும் நாற்பது வயதுக்கும் இடைப்பட்டவர்களைத் தேடிப் பிடித்தது. நம் நாட்டில் ஆண்களைவிடப் பெண்கள் மிகுதியாக இறந்தனர் என்பதை 1921ஆம் ஆண்டின் ஜனத்தொகை அறிக்கை குறிப்பிட்டிருக்கிறது. நோயாளிகளுக்குப் பக்கத்திலிருந்து பணிவிடை செய்ததும், தாங்கள் நோயுற்றபோது படுக்க முடியாமல் அடுப்படியில் நின்றதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. அவை உண்மையே. ஆனால் அந்த வயதுப் பெண்களுக்கு மற்றுமொரு காரணமும் உண்டு: அவர்களில் பலர் கர்ப்பிணிகள்.

அமெரிக்காவில் ஜே. டபிள்யூ. ஹாரிஸ் என்ற மருத்துவர், இன்ஃபுளுயன்சா கண்ட 1,350 கர்ப்பிணிகளின் விவரங்களைத் திரட்டி 1919இல் வெளியிட்டார். அவர்களில் நூற்றுக்கு 27 பேர் இறந்திருந்தனர். நிமோனியாவும் சேர்ந்துகொண்டவர்களில் பாதிப் பேர் பிழைக்கவில்லை. இதற்கு உடற்கூற்றிலேயே விளக்கம் இருக்கிறது. மாதம் முற்றமுற்றக் கருப்பை மேலெழும்பி உதரவிதானத்தை அழுத்துகிறது; நுரையீரல் விரிவதற்கு இடம் சுருங்குகிறது. இருதயம் இரண்டு உயிர்களுக்கு வேலை செய்கிறது. இரத்தம் ஏற்கெனவே சோகை பிடித்ததாக இருந்துவிட்டால், நுரையீரலில் நீர் கோத்த நிலையில் உடல் முழுவதற்கும் பிராணவாயுவைக் கொண்டுசெல்ல வழியில்லை. எனவே மதகடிக் கல்லுக்கு உரியவளும், கல் இல்லாதவளும், கர்ப்பிணி என்ற வகையில் ஒரே அபாயத்தில் இருந்தவர்கள்தாம். அதில் பேதமில்லை. பேதம் அதற்கு அப்பால் தொடங்குகிறது.

அதைக் காட்டுவதற்குப் பம்பாய்க்குப் போக வேண்டும். பம்பாய் நகரத்தில் அந்தக் கொள்ளை நோயின் சாவுகளைச் சமூகவாரியாகப் பிரித்துக் கணக்கெடுத்திருந்தனர். ஆயிரம் பேருக்கு இத்தனை பேர் என்ற விகிதத்தில் அந்தக் கணக்கைப் பாருங்கள். ஐரோப்பியர் 8.3, பார்சிகள் 9.0, இந்தியக் கிறிஸ்தவர் 18.4, முஸ்லிம்கள் 19.2, 'தாழ்ந்த சாதியார்' என்று அன்றைய அதிகாரிகள் எழுதியவர்கள் நீங்கலான மற்ற இந்துக்கள் 18.9. அந்தத் 'தாழ்ந்த சாதி' இந்துக்கள்? 61.6.

இந்த எண்ணை முதன்முதலாகப் படித்தபோது அச்சுப் பிழையாக இருக்குமோ என்று ஐயுற்றேன். பிழையன்று. ஒரே நகரம், ஒரே கிருமி, ஒரே கடற்காற்று. ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் உள்ள வேறுபாட்டை இனத்தின்மேல் ஏற்றிச் சொல்ல அக்காலத்தில் அறிஞர் சிலர் ஆயத்தமாக இருந்தனர். வெப்ப நாட்டார் உடலுக்குத் தாங்கும் சக்தி இல்லை என்றோ, கறுத்த இனத்தாரின் நுரையீரல் பலவீனமானது என்றோ எழுதிவிடலாம். ஆனால் ஒரே சமயத்தைச் சேர்ந்து, ஒரே மொழியைப் பேசி, ஒரே நிறம் கொண்டிருந்த இரண்டு கூட்டத்தாரில் ஒன்று மற்றொன்றைப் போல மூன்று மடங்குக்கும் மேலாக மாண்டதற்கு எந்த இன சாஸ்திரம் விடை சொல்லும்? உடலில் விடை இல்லை. அவர்கள் குடியிருந்த தெருவிலும், அவர்கள் பருகிய நீரிலும், அவர்களைத் தொட மறுத்த கைகளிலும்தான் விடையைத் தேட வேண்டும்.

பம்பாய்க் கணக்கு எல்லா வயதினரையும் சேர்த்த கணக்கு. தாய்மார்களை மட்டும் பிரித்துக் காட்டுவதன்று. தென்னார்க்காடு ஜில்லாவின் கிராமங்களிலோ அந்த அளவுக்குக்கூடப் பிரித்தெழுதும் வழக்கம் இல்லை. கிராம முன்சீப் ஒரு பதிவேடு வைத்திருப்பார். காலரா, பெரியம்மை, பிளேக், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காயம் என்று சாவுக்குச் சில காரணங்களே அங்கே உண்டு. இன்ஃபுளுயன்சாவால் வந்த சாவுகளில் பெரும்பகுதி 'காய்ச்சல்' என்ற தலைப்பின்கீழ்ச் சென்றது. ஆகவேதான் பிற்கால ஆராய்ச்சியாளர்கள், வழக்கமான ஆண்டுகளில் எத்தனை சாவு, 1918இல் எத்தனை சாவு என்று கழித்துப் பார்த்து நோயின் அளவை மதிப்பிட வேண்டியதாயிற்று. வரலாறு படிக்கும் மாணவர்கள் இந்த முறையைக் கவனிக்க வேண்டும். பதிவேடு எதை எழுதியது என்பதோடு, எதை எழுத அதில் இடமே இல்லை என்பதையும் சேர்த்துப் படிப்பதுதான் முறையான வாசிப்பு. நிறைமாதத்தில் காய்ச்சல் கண்டு, குறைப்பிரசவமாகி, இரத்தம் பெருகி இறந்தவளும் அங்கே ஒரு காய்ச்சல்தான்.

ஆகையால் குமராட்சிச் சேரியில் இறந்த அந்தப் பெண் எப்படி இறந்திருப்பாள் என்பதை, அக்காலத்துக் கிராம வாழ்க்கையின் ஏற்பாடுகளைக் கொண்டே அறிய வேண்டும்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் பிரசவம் பார்த்தவர்கள் பெரும்பாலும் நாவிதர் குலத்துப் பெண்கள். மருத்துவச்சி என்ற பெயரே அவர்களுடையதுதான். வட இந்தியாவில் இந்தப் பணி தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்ட பெண்களின் தலையில் சுமத்தப்பட்டிருந்தது. பிரசவத் தீட்டைக் கழுவுவது தாழ்ந்த வேலை என்பது அங்குள்ள எண்ணம். இங்கே மருத்துவச்சி ஊர்த் தெருக்களுக்கு உரியவள். அறுவடையில் அவளுக்குக் களத்து மேட்டில் பங்கு உண்டு. சேரிக்கு அவள் போவதில்லை. சேரியில் வயது முதிர்ந்த தாய்மார்களே ஒருவருக்கொருவர் பிரசவம் பார்த்துக்கொண்டனர். சாதாரணக் காலங்களில் அவர்கள் கைத்திறன் மருத்துவச்சியினுடையதற்குக் குறைந்ததன்று. ஆனால் கொள்ளை நோயில், குடிசைக்குக் குடிசை ஆள் விழுந்து கிடக்கும்போது, அந்தக் கிழவியும் பாயில் கிடப்பாள். அப்போது வேறு ஒருத்தியை அழைப்பதற்கு வழியில்லாமல் ஊர் எல்லை குறுக்கே நின்றது.

நீரின் கதையும் அப்படியே. நூற்றுநான்கு டிகிரி காய்ச்சலில் கிடக்கும் கர்ப்பிணிக்கு வேண்டிய முதல் மருந்து சுத்தமான தண்ணீரும், அதைக் கொண்டுவந்து வாயில் ஊற்ற ஒரு கையும். பொதுக் கிணறுகளையும் பொதுச் சாலைகளையும் ஆதிதிராவிடர் பயன்படுத்தத் தடையில்லை என்று சென்னை சர்க்கார் உத்தரவிட்டது 1924இல்தான். இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தின் விளைவு அது. விஷ சுரம் வந்ததோ அதற்கு ஆறாண்டுகளுக்கு முன்பு. உத்தரவு வந்த பிறகும் எத்தனை கிணறுகள் உண்மையில் திறந்தன என்பதை எங்கள் பக்கத்து முதியவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் கல்விக்கழகத்தைத் தொடங்கியிருந்தார். ஆதிதிராவிடப் பிள்ளைகள் உட்கார்ந்து எழுத்துப் படிப்பதற்கே அப்போதுதான் ஓர் இடம் ஏற்பட்டிருந்தது.

நடவுப் பெண்களின் உடல்நிலையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சேற்றில் வெறுங்காலோடு நிற்பவர்களின் பாதத்தின் வழியே கொக்கிப்புழு உடலில் புகுந்து குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். நாளெல்லாம் குனிந்து நாற்று நட்டு, மாலையில் படி நெல்லோடு திரும்பி, உள்ளதில் பெரும்பங்கைக் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் வைத்துவிட்டு எஞ்சியதை உண்ணும் பெண்ணுக்கு, ஏழு மாதம் ஆவதற்குள் கண்ணிமை வெளுத்திருக்கும். கூலி நெல்லாகவே கிடைத்ததனால் விலையேற்றம் அவளை நேரே தாக்கவில்லை என்று சொல்லலாம். மெய்தான், ஆனால் காய்ச்சலில் படுத்துவிட்டால் அந்த நெல்லும் இல்லை.

நேயர்கள் கேட்கலாம்: அப்படியானால் மாடி வீட்டு மருமகளும் இறந்தாளே, அவளுக்குத்தான் மருத்துவச்சியும் கிணறும் கஞ்சியும் இருந்தனவே, என்று. நியாயமான கேள்வி. சாதிக் கட்டுப்பாடு அவளையும் விட்டுவைக்கவில்லை என்பதற்கு எங்கள் தென்னார்க்காடு ஜில்லாவிலேயே புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. 1890ஆம் ஆண்டையொட்டித் திண்டிவனத்தில், அமெரிக்க மிஷன் வைத்தியர் ஒருவரின் வீட்டுக் கதவை ஒரே இரவில் மூன்று பேர் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் வேறு உயர்சாதி இந்து, ஒருவர் முஸ்லிம். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். வைத்தியர் வர ஆயத்தமாக இருந்தார். ஆனால் அந்நிய ஆடவர் தம் மனைவியைப் பார்ப்பதை மூவருமே ஏற்கவில்லை. அவர் மகளை அழைத்தார்கள். அந்தப் பெண்ணோ வைத்தியம் அறியாதவள். பொழுது விடிவதற்குள் மூன்று தாய்மாரும் இறந்துபோயினர். அந்தப் பெண்தான் ஐடா ஸ்கடர். அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று திரும்பி வேலூரில் பணி தொடங்கினார். பெண்களுக்கென்று அவர் அமைத்த மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது 1918 ஆகஸ்டில். விஷ சுரத்தின் கொடிய அலை எழுவதற்குச் சில வாரங்களே இருந்தன.

இந்தக் கதையைப் பல முறை படித்திருக்கிறேன். பிறருக்குச் சொல்லியும் இருக்கிறேன். வெகு காலம் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. கதவைத் தட்டிய மூவரும், தட்டலாம் என்று எண்ணக்கூடியவர்கள். அன்றிரவு திண்டிவனத்துச் சேரிகளில் எந்தத் தாயும் துன்புறவில்லை என்பது இதன் பொருளாகுமா?

சென்னை நகரத்தில் மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண்மணி 1885இல் தொடங்கிய மருத்துவமனையின் பெயரை எடுத்துக்கொள்வோம். 1870களில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படித்த முதல் பெண்களில் அவர் ஒருவர். பொது ஆஸ்பத்திரிக்கு வர மறுத்து வீட்டுக்குள்ளேயே மடிந்த பெண்களைக் காப்பாற்ற அவர் எழுப்பிய நிலையத்துக்கு 'விக்டோரியா சாதி, கோஷா ஆஸ்பத்திரி' என்று பெயர். அதாவது, சாதி இந்துப் பெண்களுக்கும் கோஷா முறையைக் கடைப்பிடித்த முஸ்லிம் பெண்களுக்கும் உரியது. திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக விளங்குவது அதுவே. முதியோர் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்லுவார்கள். அதனால் பிழைத்த உயிர்கள் கணக்கிலடங்கா. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனாலும் ஒரு மருத்துவமனை, நோயின் பெயரையோ ஊரின் பெயரையோ தாங்காமல், வரத்தக்கவர் யார் என்பதையே பெயராகத் தாங்கி நின்ற காலம் ஒன்று இருந்தது.

வரலாற்றின் போக்கு விந்தையானது. அதே கோஷா ஆஸ்பத்திரியில் 1931ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவ ஆராய்ச்சியாளர் வந்து பணிபுரிந்தார். கர்ப்பிணிகளைக் கொல்லும் ஒருவகைக் கடுஞ்சோகையைப் பற்றி அவர் பம்பாயில் ஆராய்ந்துகொண்டிருந்தார். எந்தச் சமூகத்துப் பெண்களுக்கு அது மிகுதியாக வருகிறது என்று பார்த்தார். ஏழை முஸ்லிம் பெண்களுக்கு என்று தெரிந்தது. மற்றொருவராயிருந்தால் அந்தச் சமூகத்தின் இரத்தத்திலேயே குறை உண்டு என்று முடிவு கட்டியிருப்பார். வில்ஸ் அம்மையார் அவர்கள் சமையலறையைப் பார்த்தார். மிகவும் குறைபாடுள்ள உணவை உண்டவர்களும் அவர்களே என்று கண்டார். ஈஸ்ட் சத்தைக் கொடுத்தபோது சோகை நீங்கியது. அந்தச் சத்திலிருந்த பொருள் ஃபோலிக் அமிலம் என்பது 1940களில் தெளிவாயிற்று. இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்தோடு சேர்த்துக் கொடுக்கும் மாத்திரையில் இருப்பது அதுவே. சமூகங்களுக்கிடையே உள்ள வேற்றுமையை ஒளிக்காமல் எண்ணியதனால் கிடைத்த மருந்து அது.

பின்னர் நடந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம். 1939இல் சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் அத்தகைய சட்டங்களுள் அதுவே முதலாவது. 1946இல் வெளியான போர் குழுவின் அறிக்கை, இந்தியாவில் ஆயிரம் பிரசவங்களுக்கு இருபது தாய்மார் இறப்பதாக, அதாவது ஆண்டுக்கு இரண்டு லட்சம் தாய்மார் இறப்பதாகக் கணித்தது. போர் என்பது குழுத் தலைவர் ஜோசப் போர் அவர்களின் பெயர். யுத்தம் என்று எண்ணிவிடக் கூடாது. அக்குழுவில் நம் மாகாணத்து மகப்பேற்று மருத்துவ மேதை ஆர்க்காடு லட்சுமணசுவாமி முதலியாரும் உறுப்பினர். லட்சம் பிரசவங்களுக்கு இரண்டாயிரம் என்று அன்றிருந்த அந்த எண், 2018 முதல் 2020 வரையிலான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி இந்தியாவில் 97 ஆகவும் தமிழ்நாட்டில் 54 ஆகவும் குறைந்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாகச் செவிலியர் வயல் வரப்புகளில் நடந்த நடையின் பயன் அது.

அந்தச் சமயத்தில்தான் மறுபடியும் ஒரு கொள்ளை நோய் வந்தது. 2020 மே மாதத்தில், சென்னைக் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பிய கூலித் தொழிலாளர்கள் வழியாகக் கடலூர் மாவட்டத்தில் கொரோனா சட்டெனப் பெருகியது. சந்தையில் மூட்டை சுமந்தவர்கள் அவர்கள். நோயைச் சுமந்து வந்தார்கள் என்று பழி மட்டும் அவர்கள்மேல் விழுந்தது. 1918இல் கண்டதையே மருத்துவர்கள் மறுபடி கண்டனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வொன்றில், நோயுற்ற கர்ப்பிணிகளிலும் புதுத் தாய்மாரிலும் இறந்தவர் விகிதம் முதல் அலையில் நூற்றுக்கு 0.7 ஆகவும், 2021ஆம் ஆண்டின் இரண்டாம் அலையில் 5.7 ஆகவும் இருந்தது. தடுப்பூசி 2021 ஜனவரி 16ஆம் தேதியே தொடங்கப்பட்டது. கர்ப்பிணிகளுக்கு அனுமதி கிடைத்தது ஜூலை 2ஆம் தேதி. இடையிலே இரண்டாம் அலை வந்து போய்விட்டது.

அமெரிக்க நாட்டில் தாய்மாரின் சாவை இனவாரியாகக் கணக்கெடுத்து ஆண்டுதோறும் வெளியிடுகிறார்கள். கொரோனாவுக்கு முன்பு, 2019இல், லட்சம் பிரசவங்களுக்கு வெள்ளையர் 17.9, கறுப்பினத்தார் 44.0. கொரோனாவின் நடுவில், 2021இல், வெள்ளையர் 26.6, கறுப்பினத்தார் 69.9. இந்த நான்கு எண்களையும் மாணவர்கள் ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். முன்பும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. பின்பும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. கொள்ளை நோய் புதிதாக ஒரு பேதத்தை உண்டாக்கவில்லை; இருந்த பேதத்தை அதே விகிதத்தில் பெருக்கிக் காட்டியது. லட்சத்துக்கு 26 ஆக இருந்த இடைவெளி 43 ஆயிற்று. வறுமை ஒன்றே காரணம் என்று சொல்லவும் இயலவில்லை. கல்லூரிப் படிப்பும் வருவாயும் உள்ள கறுப்பினப் பெண்களும் அந்த விகிதத்துக்குத் தப்பவில்லை. வலிக்கிறது என்று அவர்கள் சொன்னால், கேட்பவர் அதை முழுதும் நம்புவதில்லை என்பது அந்நாட்டு மருத்துவர்களே ஒப்புக்கொண்ட குறை. "அவள் அங்கே போகிறதில்லையே" என்று என் பாட்டியார் சொன்னதற்கும் இதற்கும் உள்ள தூரம் அதிகமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்கருக்கு வெட்கம் தரும் எண்கள்தாம்; ஆயினும் அவற்றை அவர்கள் அச்சிடுகிறார்கள். நம் மாதிரிப் பதிவுக் கணக்கு தாய் இறப்பை மாநிலவாரியாகச் சொல்லுகிறது, வயதுவாரியாகச் சொல்லுகிறது. சாதிவாரியாகச் சொல்லுவதில்லை. தமிழ்நாட்டுக்கு 54 என்றால் அது யாருக்கெல்லாம் 54, யாருக்கு அதைவிடக் கூடுதல் என்பதை அந்த ஏட்டிலிருந்து அறிய முடியாது. 1918இல் பம்பாய் நகரம் எழுதிய அளவுக்காவது நாம் எழுதவேண்டாமா?

அண்மையில் ஊருக்குச் சென்றிருந்தேன். சாலையை அகலப்படுத்தியபோது மதகடிச் சுமைதாங்கியை எடுத்துவிட்டார்கள். அது நின்ற இடத்தைச் சுட்டிக்காட்டக்கூட இளைஞர்களுக்குத் தெரியவில்லை. அன்று மாலை, சேரியாக இருந்து இப்போது காலனி என்று வழங்கும் தெருவில், ஒரு கிராம சுகாதாரச் செவிலியரைக் கண்டேன். திண்ணையில் உட்கார்ந்து ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தியின் இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஒரு பதிவெண் தரப்படுகிறது. இறக்கும் ஒவ்வொரு தாயின் சாவும் தனித்தனியே விசாரிக்கப்படுகிறது. இவற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அவருடைய பதிவேட்டைப் பார்க்கலாமா என்று கேட்டேன். பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டு, மேலே உள்ள தலைப்புகளை மட்டும் காட்டினார். வயது, எத்தனையாவது பிரசவம், இரத்தத்தின் அளவு, எடை என்று வரிசையாக இருந்தன. அவற்றினிடையே ஒரு பத்தியின்மேல் விரலை வைத்தேன். தலைப்பு: வகுப்பு.

"இதைக் கூட்டிப் பார்த்து யாராவது கேட்டதுண்டா?" என்றேன்.

"நிரப்பித்தான் மேலே அனுப்புகிறோம், ஐயா" என்றார் அவர். பிறகு, அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்துகொண்டார்.